ஒற்றியூருக்கு நடந்த வள்ளலாரும் உங்கள் மாடித் தொட்டியும்

மழை ஓய்ந்து பத்து நாள் கழித்து வட சென்னைத் தெருக்களைப் பாருங்கள். ராயபுரம் ரயில்வே சுவரோரம், தண்டையார்பேட்டை சாக்கடையோரம், பக்கிங்காம் கால்வாய்க் கரை என்று ஈரம் நிற்கும் இடமெல்லாம் கரிசலாங்கண்ணி தானாக முளைத்திருக்கும். பொத்தான் போல வெள்ளைப் பூ, தொட்டால் சொரசொரக்கும் இலை, கசக்கினால் விரலில் ஏறும் கருமை. கீரைதானே, இலவசம்தானே என்று பறித்துவிடாதீர்கள். ஏன் என்று பின்னால் சொல்கிறோம்.

இந்தச் செடியைத் தினமும் உட்கொள்ளுங்கள் என்று ஊருக்கே சொன்னவர் உங்கள் பகுதியில் வளர்ந்தவர்தான். வடலூர் வள்ளலார் என்று சொல்லிப் பழகிவிட்டதால் நமக்கு அது மறந்துபோகிறது. ராமலிங்க அடிகள் வாழ்ந்தது ஐம்பது ஆண்டுகள். அதில் முப்பது ஆண்டுக்கு மேல் அவர் இருந்தது சென்னை ஏழுகிணற்றில். நடந்து தேய்த்த பாதை திருவொற்றியூர்ப் பாதை.

சிதம்பரம் பக்கத்து மருதூரில் 1823 அக்டோபர் 5 அன்று பிறந்தார். அப்பா ராமையா பிள்ளை ஊர்க் கணக்கர். பிள்ளைகளுக்குப் பாடமும் சொல்லிக்கொடுத்தவர். ஐந்தாவது குழந்தையான ராமலிங்கம் கைக்குழந்தையாக இருக்கும்போதே அவர் காலமாகிவிட்டார். அம்மா சின்னம்மை ஐந்து பிள்ளைகளோடு தாய் வீட்டுக்கு வந்தார். அந்த ஊர் பொன்னேரியை ஒட்டிய சின்னக்காவணம். எண்ணூரைத் தாண்டி, மீஞ்சூரைத் தாண்டி ரயிலில் போகிறவர்களுக்குத் தெரிந்த ஊர்தான். அங்கிருந்து குடும்பம் சென்னைக்கு வந்து, ஏழுகிணறு பகுதியில் வீராசாமிப் பிள்ளை தெருவில் குடியேறியது.

ஏழுகிணறு என்ற பெயரையும் கொஞ்சம் கவனியுங்கள். கடற்கரைக்கு இவ்வளவு அருகில் நல்ல தண்ணீர் ஊறியதால்தான் 1772-இல் அங்கே கிணறுகள் தோண்டி, கோட்டைக்குத் தண்ணீர் கொண்டுபோனார்கள். செங்குன்றம் ஏரித் தண்ணீர் குழாயில் நகருக்கு வந்தது அதற்கு நூறு ஆண்டு கழித்து, 1872-இல். நல்ல தண்ணீர் எங்கே இருக்கிறதோ அங்கே குடியிருப்பு என்பதுதான் அந்தக் காலத்துக் கணக்கு. இப்போது காசிமேடு, தண்டையார்பேட்டை, திருவொற்றியூர் போர் தண்ணீரை வாயில் வைத்தாலே உப்பு தெரியும். மீஞ்சூர்ப் பக்கம் நிலத்தடி நீரை அளவுக்கு மீறி இறைத்ததில் கடல்நீர் உள்ளே புகுந்த கதை விவசாயிகளுக்கு நன்றாகத் தெரியும்.

வட சென்னை மாடித்தோட்டத்தில் செடி சாவதற்கு முதல் காரணம் பூச்சி அல்ல, இந்த உப்புதான். தொட்டி விளிம்பிலும் மண்ணின் மேலும் வெள்ளையாகப் பூத்திருக்கிறதா? இலை நுனி மட்டும் தீய்ந்தது போலப் பழுப்பாகிறதா? தண்ணீர் குறைந்துவிட்டது என்று நினைத்து அதே போர் தண்ணீரை இன்னும் ஊற்றுவீர்கள். அப்படிச் செய்தால் உப்பு மேலும் சேரும். டிடிஎஸ் மீட்டரில் ஆயிரத்துக்குள் காட்டினால் அந்தத் தண்ணீரைத் தைரியமாக ஊற்றலாம். இரண்டாயிரத்தைத் தாண்டினால் கீரைத் தொட்டிக்கு அது வேண்டாம். இடைப்பட்டதாக இருந்தால் மெட்ரோ தண்ணீரையோ ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீரையோ சரிபாதி கலந்துகொள்ளுங்கள். ஏசி தண்ணீரில் உப்பே இருக்காது. வீணாகத் தெருவில் சொட்டவிடுகிறோம். ஆர்.ஓ. இயந்திரம் வெளியேற்றும் கழிவு நீர் இதற்கு நேர் எதிர். அதில் உப்பு இரட்டிப்பாக இருக்கும், செடிக்கு ஊற்றாதீர்கள்.

ஏற்கெனவே உப்பேறிய தொட்டியைத் தூக்கி எறிய வேண்டாம். ஐப்பசி, கார்த்திகை மழையில் திறந்த வெளியில் வையுங்கள். அடியில் உள்ள துளை அடைபடாமல் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். இரண்டு நல்ல மழையில் உப்பு கழுவிக்கொண்டு போய்விடும். சத்தும் கொஞ்சம் போகும் என்பதால் மழை ஓய்ந்ததும் ஒரு கை மண்புழு உரம் இடுங்கள்.

கதைக்கு வருவோம். அண்ணன் சபாபதி பிள்ளை புராணச் சொற்பொழிவு செய்து குடும்பத்தைத் தாங்கியவர். தம்பியைத் தம் ஆசிரியரான காஞ்சிபுரம் சபாபதி முதலியாரிடம் படிக்க அனுப்பினார். பையனோ கந்தகோட்டம் முருகன் சந்நிதியில் போய் நின்று பாடிக்கொண்டிருந்தான். கோபத்தில் அண்ணன் வீட்டில் சோறு போடக் கூடாது என்று சொல்லிவிட, அண்ணி பாப்பாத்தியம்மாள் கணவர் இல்லாத நேரம் பார்த்துச் சாப்பாடு போட்டார் என்பது வரலாறு எழுதியவர்கள் எல்லோரும் சொல்வது. பசியைப் பற்றிப் பின்னாளில் அவ்வளவு எழுதிய மனிதருக்குப் பசி என்றால் என்ன என்று சிறு வயதிலேயே தெரிந்திருக்கிறது. இருபத்தேழு வயதுவாக்கில் வீட்டார் வற்புறுத்தி அக்காள் மகளைத் திருமணம் செய்துவைத்தார்கள். இல்லறத்தில் மனம் செல்லவில்லை.

மகிழ மரத்தடிக்கு ஒரு நடை

ஏழுகிணற்றிலிருந்து திருவொற்றியூர்க் கோயில் ஏழெட்டு கிலோமீட்டர். இப்போது மெட்ரோவில் ஏறினால் தேரடி நிலையத்தில் இறங்கிவிடலாம். அவர் ஆண்டுக்கணக்கில் நடந்தே போய்வந்தார். அப்போது துறைமுகம் கட்டப்படவில்லை. ராயபுரம் என்றால் திறந்த மணல்வெளியும் கட்டுமரங்களும்தான். ராயபுரத்திலிருந்து முதல் ரயில் 1856-இல் புறப்பட்டது. அப்போதும் அவர் இந்த ஊரில்தான் இருந்தார். அந்தப் புகையைப் பார்த்துக்கொண்டே நடந்திருப்பார் என்று நினைக்கத் தோன்றுகிறது.

தியாகராசர் மீதும் வடிவுடையம்மன் மீதும் அவர் பாடியது நிறைய. வடிவுடை மாணிக்க மாலை அதில் எல்லோருக்கும் தெரிந்தது. ஓரிரவு நேரம் கழித்து வீடு திரும்பி, கதவைத் தட்ட மனமில்லாமல் பசியோடு திண்ணையில் படுத்தவருக்கு, அம்மனே அண்ணி உருவில் வந்து சோறு போட்டாள் என்று இந்தப் பகுதி மக்கள் இன்றும் சொல்வார்கள்.

அந்தக் கோயிலின் தலமரம் மகிழம். சுந்தரர் சங்கிலி நாச்சியாரைப் பிரியமாட்டேன் என்று சத்தியம் செய்தது அதன் அடியில்தான் என்பதால், மாசித் திருவிழாவில் மகிழடி சேவை நடக்கிறது. தோட்டக்காரர் கண்ணால் பார்த்தாலும் அந்த மரம் அங்கே இருப்பதில் அர்த்தம் உண்டு. உப்புக் காற்றைத் தாங்கும், ஆண்டு முழுவதும் பசுமை மாறாது, பூ காய்ந்த பிறகும் மணக்கும். உங்கள் அடுக்ககத்தில் தரையில் இடம் இருந்தால் சுவரிலிருந்து பத்தடி தள்ளி ஒன்று வையுங்கள். மெதுவாக வளரும், அவசரப்படுபவர்களுக்கான மரம் இல்லை. கடல் பார்த்த மாடியில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: கிழக்குப் பக்கக் கைப்பிடிச் சுவரில் நிழல்வலையை நிமிர்த்திக் கட்டினாலே உப்புக் காற்று பாதி குறைந்துவிடும்.

சென்னையில் இருந்த காலத்தில் அவர் வெறுமனே பாடிக்கொண்டிருக்கவில்லை. மாணவர்களுக்குப் பாடம் சொன்னார். மனுமுறைகண்ட வாசகம் என்ற உரைநடை நூலை எழுதினார். ஒழிவிலொடுக்கம், தொண்டமண்டல சதகம் போன்ற பழைய நூல்களைப் பதிப்பித்தார். சித்த மருத்துவத்திலும் ஆழ்ந்த அறிவு இருந்தது. நானூறுக்கும் மேற்பட்ட மூலிகைகளின் குணத்தை அட்டவணை போட்டு வைத்திருக்கிறார். திருவருட்பாவைப் பாட்டுப் புத்தகமாக மட்டும் பார்ப்பவர்கள் அதன் உரைநடைப் பகுதியைப் புரட்டுவதே இல்லை. காலையில் எழுந்தது முதல் இரவு படுக்கும் வரை என்ன செய்ய வேண்டும், என்ன சாப்பிட வேண்டும் என்று சாதாரண மனிதருக்காக ஒரு நாள் ஒழுங்கே எழுதியிருக்கிறார். வெந்நீர் குடிக்கச் சொல்கிறார். காய்களில் முருங்கை, கத்தரி, தூதுளை, வாழைக்காயைச் சிலாகிக்கிறார். காலைப் பானத்துக்குக் கரிசலாங்கண்ணி, தூதுவளை, முசுமுசுக்கை, கூடவே சீரகம். சன்மார்க்க அன்பர்கள் இதோடு வல்லாரையையும் சேர்த்துக்கொள்வார்கள்.

இந்த நான்கு செடிக்கும் காணி நிலம் தேவையில்லை. நான்கு தொட்டி போதும்.

எது அசல் மஞ்சள் கரிசலாங்கண்ணி?

அவர் முதலிடம் தந்தது பொற்றலைக் கையாந்தகரைக்கு. மஞ்சள் பூ பூக்கும் கரிசலாங்கண்ணி அது. இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். சாலை நடுவிலும் பூங்காவிலும் தரையை மூடிப் படர்ந்து மஞ்சள் பூ பூக்கும் ஒரு அழகுச் செடி உண்டு. நர்சரியில் அதையும் மஞ்சள் கரிசலாங்கண்ணி என்றே சிலர் கொடுத்துவிடுகிறார்கள். அது வெளிநாட்டிலிருந்து வந்த இனம், கீரை அல்ல. இலையைப் பாருங்கள். அழகுச் செடியின் இலை பளபளப்பாக, மூன்றாகப் பிரிந்த முனையோடு இருக்கும், பூவும் பெரிது. அசலின் இலை நீண்டு ஒடுங்கி, முனை பிரியாமல், சொரசொரப்பாக இருக்கும். சந்தேகம் இருந்தால் வாங்காதீர்கள். வெள்ளைப் பூ கரிசலாங்கண்ணியே போதும். அதுவும் சித்த மருத்துவத்தில் பெயர் பெற்றதுதான்.

மஞ்சள் வகையைத் தண்டு நட்டு வளர்க்கலாம். நான்கு கணு உள்ள தண்டில் இரண்டு கணு மண்ணுக்குள் போகும்படி படுக்கவைத்து நட்டால் இரண்டு வாரத்தில் வேர்விடும். வெள்ளை வகைக்கு விதை. விதை மிகப் பொடி, அதை மண்ணுக்குள் புதைத்தால் முளைக்காது. மண்ணின் மேலே தூவி, கையால் லேசாக அழுத்தி, பூவாளியில் தெளியுங்கள். இரண்டுக்கும் ஈரம் காயக் கூடாது. அகலமான, ஆழம் குறைந்த தொட்டி நல்லது.

முசுமுசுக்கையைப் பற்றி வட சென்னைக்காரர்கள் பெருமைப்பட ஒரு செய்தி. அதன் தாவரவியல் பெயரில் மதராஸ் இருக்கிறது. லின்னேயஸ் 1753-இல் இதற்குக் குகுமிஸ் மதராஸ்படானஸ் என்று பெயர் வைத்தார். மதராசப்பட்டினத்து வெள்ளரி என்று வைத்துக்கொள்ளலாம். வெள்ளரிக் குடும்பத்துக் கொடி. இலையிலும் தண்டிலும் சுணை இருக்கும், பட்டாணி அளவுப் பழம் சிவந்து தொங்கும். ஜன்னல் கம்பி ஒன்று போதும், பற்றிக்கொண்டு ஏறிவிடும். ஊறவைத்த அரிசியோடு இலையை அரைத்து அடை வார்த்தால் குழந்தைகளும் சாப்பிடும். இவ்வளவு நல்ல கொடியை விட்டுவிட்டு மணி பிளான்ட்டைக் கட்டி அழுகிறோம்.

தூதுவளைக்கு நல்ல வெயில் வேண்டும். முள் இருப்பதால் குழந்தைகள் நடமாடும் வழியில் வைக்காமல் மூலையில் வைத்து, கயிறு கட்டி ஏற்றிவிடுங்கள். பென்சில் தடிமன் தண்டை நடலாம்; சிவந்த பழத்திலிருந்து விதை எடுத்து, சதையைக் கழுவி, நிழலில் உலர்த்தியும் விதைக்கலாம். மாவுப்பூச்சி வந்தால் லிட்டருக்கு 5 மி.லி. வேப்பெண்ணெயைக் கொஞ்சம் காதி சோப்புக் கரைசலோடு கலந்து மாலையில் தெளியுங்கள். வல்லாரை நேர்மாறு. அதற்கு அரை நிழலும் ஓயாத ஈரமும் வேண்டும். தூதுவளைத் தொட்டியின் நிழலிலேயே வல்லாரைத் தொட்டியை வைத்துவிட்டால் இரண்டுக்கும் சரியாகப் போகும்.

மண் கலவைக்குச் செம்மண், மக்கிய உரம், தென்னைநார்க் கழிவு மூன்றும் சம பங்கு. நார்க்கழிவில் உப்பு இருக்கும் என்பதால் இரண்டு மூன்று முறை அலசிப் பிழிந்த பிறகே சேருங்கள். காசிமேட்டிலிருந்து வரும் தெர்மாகோல் மீன் பெட்டிகளைத் தொட்டியாக்குவது நல்ல யோசனைதான், அதையும் நன்றாகக் கழுவுங்கள். ஆனால் மணலிப் பக்கம் மலிவாகக் கிடைக்கிறது என்று ரசாயனமோ எண்ணெயோ இருந்த டிரம்மை அறுத்துக் கீரை போடாதீர்கள். எவ்வளவு கழுவினாலும் போகாது. உரத்துக்கு மீன் அமிலம் அருமையானது. ஆனால் புலால் மறுத்தவரைப் பற்றிய கட்டுரையில் அதைச் சிபாரிசு செய்தால் அவரே கோபித்துக்கொள்வார். பஞ்சகவ்யம் லிட்டருக்கு 30 மி.லி. கலந்து இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஊற்றினால் போதும்.

சாக்கடையோரக் கீரை

இனி, தொடக்கத்தில் விட்ட விஷயம். கரிசலாங்கண்ணியும் வல்லாரையும் ஈரத்தில், பள்ளத்தில், வாய்க்காலோரம் வளரப் பிறந்த செடிகள். வள்ளலார் நடந்த காலத்தில் வாய்க்காலில் ஓடியது தண்ணீர். இப்போது பக்கிங்காம் கால்வாயிலும் எண்ணூர்க் கழிமுகத்திலும் என்ன ஓடுகிறது என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. 2023 டிசம்பர் வெள்ளத்தில் எண்ணெய்ப் படலம் வந்து எண்ணூர் முகத்துவாரத்தையே மூடியது. இத்தகைய செடிகள் மண்ணிலும் நீரிலும் உள்ள ஈயம், காட்மியம் போன்றவற்றை உறிஞ்சி இலையில் சேர்த்துக்கொள்ளும் தன்மை உள்ளவை. அது இலைக்கு உள்ளே இருப்பது. மஞ்சள்தூள் போட்டு அலசினாலும் போகாது. உடலுக்கு நல்லது என்று காலையில் வெறும் வயிற்றில் குடிக்கும் சாறே கெடுதலாகிவிடும். எனவே தெருவோரத்தில் பறிக்காதீர்கள், வீட்டில் வளருங்கள்.

அதேபோல அனல்மின் நிலையச் சாம்பலை உரமென்று தொட்டியில் போடாதீர்கள். பாட்டி போட்ட அடுப்புச் சாம்பல் விறகுச் சாம்பல். இது நிலக்கரிச் சாம்பல். அதிலும் கன உலோகங்கள் உண்டு. அத்திப்பட்டு, எண்ணூர்ப் பக்கம் இலை மேல் படியும் தூசியை வாரம் இரண்டு முறை காலையில் நல்ல தண்ணீரால் கழுவிவிடுங்கள். தூசி படிந்த இலைக்கு வெளிச்சம் கிடைக்காது, உப்பும் தங்கும்.

1858 வாக்கில் ராமலிங்கர் சென்னையை விட்டுத் தெற்கே போனார். கருங்குழியில் வேங்கட ரெட்டியார் வீட்டில் தங்கினார். எண்ணெய் என்று நினைத்து விளக்கில் தண்ணீர் ஊற்ற அது எரிந்தது என்ற கதை அந்த வீட்டுக்கதை. 1865-இல் சன்மார்க்க சங்கம் தொடங்கினார். 1867-இல் திருவருட்பா அச்சில் வந்தது. அதை அருட்பா என்று சொல்லலாமா என்று பெரிய சண்டையும் வந்தது. அந்தச் சண்டை இந்தப் பக்கத்துக்கு வேண்டாம்.

நமக்கு வேண்டியது பயிர். தண்ணீர் இல்லாமல் காய்ந்த பயிரைப் பார்த்து அவர் வருந்திப் பாடியது தமிழ்நாட்டில் தெரியாதவர் இல்லை. அதே பாட்டில் பசித்தவர், நோயாளி, ஏழை என்று வரிசை தொடர்கிறது. ஆனால் முதலில் வருவது பயிர்தான். ஒரிசாவை அழித்த 1866 பஞ்சம் சென்னை மாகாணத்தின் சில பகுதிகளையும் வாட்டியது. மறு ஆண்டு, 1867 மே 23 அன்று, வடலூரில் தருமசாலையைத் தொடங்கினார். சுற்றுவட்டார மக்கள் ஏறத்தாழ 80 காணி நிலம் கொடுத்தார்கள். சாதி, மதம் கேட்காமல் வந்தவருக்கெல்லாம் சோறு. அன்று மூட்டிய அடுப்பு இன்றும் அணையாமல் எரிகிறது.

சீவகாருண்யம் பற்றி எழுதும்போது, இன்றும் பலர் கேட்கும் கேள்வி ஒன்றை அவரே எடுத்துக்கொள்கிறார். செடிக்கும் உயிர் உண்டே, கீரை தின்பது மட்டும் கொலை ஆகாதா? அவர் சொல்லும் பதிலின் சாரம் இது: செடிக்கு உயிர் உண்டு, தொடு உணர்வு மட்டும் உள்ள உயிர், அதனால் அதை வேரோடு அழிக்காமல் விதை, காய், கனி, பூ, தழை என்று எடுத்துக்கொள்ளலாம், நமக்கு நகமும் முடியும் வெட்டுவது போல அதற்கு அதில் வேதனை இல்லை.

இதை நீங்கள் ஆன்மிகமாக எடுத்துக்கொண்டாலும் சரி, தோட்டக் குறிப்பாக எடுத்துக்கொண்டாலும் சரி. வேரோடு பிடுங்கினால் கரிசலாங்கண்ணி ஒருமுறைதான் கிடைக்கும். தரையிலிருந்து மூன்று விரல் உயரம் விட்டு, கணுவுக்கு மேலே கத்தரித்தால் பக்கக் கிளை விட்டு மறுபடி தழையும். வல்லாரையில் ஓடும் தண்டைத் தொடாமல் முற்றிய இலையை மட்டும் காம்போடு கிள்ளுங்கள். முசுமுசுக்கையில் நுனியைக் கிள்ளினால் கொடி கிளைக்கும். எந்தச் செடியிலும் ஒரே நேரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்காதீர்கள். பறித்த மறுநாள் கொஞ்சம் மண்புழு உரம் கொடுங்கள். நான்கு தொட்டி ஒரு வீட்டுக்கு ஆண்டு முழுக்கக் கொடுத்துக்கொண்டே இருக்கும்.

ஒரு எச்சரிக்கை. சர்க்கரை, ரத்த அழுத்தம், கல்லீரல் தொல்லை என்று மாத்திரை சாப்பிடுபவர்களும் கர்ப்பிணிகளும் மூலிகைச் சாற்றைத் தினசரிப் பழக்கமாக்கும் முன் மருத்துவரைக் கேளுங்கள். வாரம் ஒருநாள் பருப்போடு கடைந்து சாப்பிடுவது வேறு, மருந்தாகக் குடிப்பது வேறு.

1870-இல் வடலூரை அடுத்த மேட்டுக்குப்பத்துக்குக் குடிபோனார் வள்ளலார். 1872 ஜனவரி 25 அன்று வடலூரில் சத்திய ஞானசபை திறந்தது. அடுத்த ஆண்டு அக்டோபரில் மேட்டுக்குப்பத்தில் கொடி ஏற்றிக் கடைசியாகப் பேசினார். தாம் கடை விரித்ததாகவும் வாங்குவோர் இல்லை என்றும் வருந்தியதாகச் சொல்வார்கள். 1874 ஜனவரி 30 இரவு சித்திவளாகத்தில் தம் அறைக்குள் போய்க் கதவை மூடிக்கொண்டார். அதன் பிறகு யாரும் அவரைப் பார்க்கவில்லை. அவர் பிறந்த அக்டோபர் 5-ஐ இப்போது தமிழக அரசு தனிப்பெருங்கருணை நாள் என்று கொண்டாடுகிறது.

அக்டோபர் 5 என்பது வடகிழக்குப் பருவமழைக்கு இரண்டு வாரம் முந்தைய நாள். தண்டு நட, தூதுவளை விதைக்க ஏற்ற நேரம். வெள்ளைக் கரிசலாங்கண்ணி விதையை மட்டும் அப்போது தூவாதீர்கள். பெருமழை அடித்துக்கொண்டு போய்விடும். மார்கழி பிறக்கட்டும்.